பதினேழு நாள் கல்யாணங்கள்

யூட்டா மாநிலத்தின் அரசியல் சாசனத்தில் திருமணத்தைப் பற்றிய ஒரு வரியில் 'என்றென்றைக்கும்' என்ற சொல் வருகிறது. பலதார மணம் என்றென்றைக்கும் தடைசெய்யப்படுகிறது என்பதுதான் அந்த வரி. சட்டம் எழுதுகிறவர்கள் பொதுவாக அவ்வளவு நீண்ட காலத்துக்கு வாக்குக் கொடுப்பதில்லை. யூட்டாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1847ல் பிரிகாம் யங் தலைமையில் மார்மன்கள் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு ஆண் பல பெண்களை மணப்பது அன்று அவர்களுடைய மதக் கடமைகளில் ஒன்று. 1879ல் ரெய்னால்ட்ஸ் வழக்கில், மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பலதார மணத்தை நியாயப்படுத்த முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அடுத்து வந்த பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். திருச்சபையின் சொத்துக்கே ஆபத்து வந்தது. 1890ல் திருச்சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 1896 ஜனவரி 4 அன்று யூட்டா மாநிலமானது. அந்த 'என்றென்றைக்கும்' மாநிலமாவதற்குக் கொடுத்த விலை.

ஆக, திருமணம் என்றால் என்ன என்று வாஷிங்டன் சொல்லி, அதை எதிர்த்துத் தோற்று, குடும்பங்களைப் பிரித்துக்கொண்டு, அதன்பிறகு நாட்டோடு சேர்ந்த ஊர் இது. எந்தக் குடும்பத்தில் விசாரித்தாலும் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்திய தலைமுறையில் மூன்று மனைவி, நான்கு மனைவி என்று ஒருவர் வந்து நிற்பார்.

2004ல் அதே சாசனத்தில் மூன்றாம் திருத்தம் என்ற பெயரில் இன்னொரு வரி சேர்ந்தது. திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான சட்டபூர்வ இணைவு மட்டுமே. அதோடு நிற்கவில்லை. வேறு எந்த இணைவுக்கும் திருமணத்துக்கு நிகரான சட்டப் பலன் கிடையாது என்றும் எழுதினார்கள். வாக்களித்தவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். ஒருகாலத்தில் தன் திருமணங்களுக்காக நாட்டையே எதிர்த்த சமூகம், இன்னொரு சிறுபான்மையின் திருமணத்தின்மீது அதே கதவைச் சாத்தியது. வரலாறு தெரிந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அடிபட்டவன் அடுத்தவனை அடிக்க மாட்டான் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

*

2012 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக நான் சால்ட் லேக் சிட்டிக்கு வந்தேன். வாடகை குறைவு என்பதற்காக ஒரு வயதான மார்மன் தம்பதியின் வீட்டு பேஸ்மென்ட்டில் ஓர் அறை எடுத்தேன். கட்டிலுக்கு எதிரே சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். கோதுமை, அரிசி, உலர்ந்த பீன்ஸ், பால் பவுடர். பஞ்சம் வந்தால் சமாளிக்க வீட்டில் உணவு சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். கோடையில் ஹவுஸ் ஓனர் அம்மா பீச் பழங்களைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு அடுக்குவார். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் தூங்கி வளர்ந்தவன் நான். அந்த அறை எனக்குச் சட்டென்று பழகிவிட்டது.

அம்மா பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயா செம்புச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்தவர். தன் வார்டுக்கு ஐந்து வருடம் பிஷப்பாகவும் இருந்திருக்கிறார். மார்மன் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. வேலைக்குப் போய்வந்து, மாலையில் சபைக்காரர்களுடைய பிரச்சினைகளைக் கேட்கும் ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரி. மது, காபி, டீ எதுவும் இல்லாத வீடு. நான் கீழே ஃபில்டர் காபி போட்டால் அம்மா படியிறங்கி வந்து, "வாசனை நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு" என்பார்.

அவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பேருடைய கல்யாணப் படங்கள் ஹாலில் இருந்தன. மூன்றிலும் பின்னணியில் கோவில். கடைசி மகன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனுடைய படம் தனியாக, பள்ளிக்கூட உடையில், பியானோமீது இருந்தது. அவன் ஒரு இசை ஆசிரியரோடு ஆறு வருடமாக நகரத்தில் சேர்ந்து வாழ்கிறான் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் அந்த வீட்டில் நான்கு மாதம் கழித்திருந்தேன். யாரும் மறைக்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் சாப்பிட வருவான். "ஃப்ரெண்ட் நல்லா இருக்காரா?" என்று அம்மா கேட்பார். "நல்லா இருக்கார்" என்பான். ஐயா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்துவார்.

அந்த வீட்டைப் புரிந்துகொள்ள அவர்களுடைய இறையியலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற கிறித்தவப் பிரிவுகளில் மரணம் வரைதான் திருமணம். மார்மன் கோவிலில் நடப்பது காலத்துக்கும் நித்தியத்துக்குமான பிணைப்பு. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் இறந்தபிறகும் ஒரே குடும்பமாகத் தொடர்வார்கள். சொர்க்கத்தின் உச்ச நிலைக்குத் தனியாளாகப் போகமுடியாது, தம்பதியாகத்தான் போகமுடியும். ஆகவே ஒரு மகன் ஓர் ஆணைக் காதலிக்கிறான் என்பது அவர்களுக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பிரச்சினை மட்டுமில்லை. நித்தியத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி காலியாக இருக்கும் என்ற கவலை. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் கடந்துவிட முடியும். ஆனால் அந்த அம்மா உண்மையாகவே அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

2013 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் ஷெல்பி 53 பக்கத் தீர்ப்பை வெளியிட்டார். மூன்று ஜோடிகள் தொடுத்த வழக்கு அது. அவர்களில் டெரெக் கிச்சன் என்பவரின் பெயரோடு ஆளுநர் கேரி ஹெர்பர்ட்டின் பெயரும் சேர்ந்து 'கிச்சன் எதிர் ஹெர்பர்ட்' என்று ஆனது. மூன்றாம் திருத்தம் செல்லாது என்றார் ஷெல்பி. அந்த ஆண்டு ஜூனில் வின்ட்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் நடத்திவைத்த தன்பாலினத் திருமணங்களை மத்திய அரசு அங்கீகரிக்க மறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அப்போது மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா, இந்தத் தர்க்கத்தை விட்டால் நாளை மாநிலத் தடைகளும் விழும் என்று கோபத்தோடு எச்சரித்திருந்தார். ஷெல்பி அதை எடுத்துக்காட்டி, அவர் சொல்வது சரிதான் என்று தன் தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார்.

மாநில அரசு இதை எதிர்பார்க்கவில்லை. அதன் அட்டர்னி ஜெனரல் அந்த மாதத் தொடக்கத்தில்தான் பதவி விலகியிருந்தார். தற்காலிகமாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றால் ஸ்டே வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைக்கவில்லை. விளைவு, தீர்ப்பு வந்த நிமிடத்திலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. சால்ட் லேக் கவுண்ட்டி கிளார்க் உரிமம் கொடுக்கத் தொடங்கினார். நகர மேயர் ரால்ஃப் பெக்கர் வந்து அங்கேயே கல்யாணங்களை நடத்திவைத்தார். எந்த நிமிடமும் தடை வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே அலுவலகத்திலிருந்து பாதியில் வந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக வந்தவர்கள். யாரும் பட்டுப்புடவைக்கும் பந்தலுக்கும் காத்திருக்கவில்லை.

மாநிலத்தின் வாதம் குழந்தைகளைப் பற்றியது. அப்பா, அம்மா இருவரும் உள்ள வீடே குழந்தைக்குச் சிறந்தது. திருமணத்தை அந்த வடிவத்தில் வைத்திருப்பது அரசின் நலன். ஷெல்பியின் பதில் எளிமையானது. தன்பாலினத் தம்பதிகளின் திருமணத்தைத் தடுப்பதால் மற்றவர்கள் யாரும் அதிகமாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை. ஏற்கெனவே அத்தகைய வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குத்தான் பாதகம்.

எதிர்த் தரப்பில் எனக்கு வலுவாகப் பட்டது வேறொன்று. 66 விழுக்காடு பேர் வாக்களித்த ஒன்றை, யாரும் தேர்ந்தெடுக்காத ஒற்றை நீதிபதி ஒரு மதியத்தில் ரத்து செய்யலாமா? அன்று இரவு மேலே டிவி முன்னால் ஐயாவும் அதைத்தான் கேட்டார். "எங்க ஓட்டுக்கு என்ன மரியாதை?" சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதரின் நேர்மையான கேள்வி. அம்மா பதில் சொல்லவில்லை. கீழே வந்து, பீச் ஜாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னிக்குப் பண்ணிக்கிட்டாங்களான்னு தெரியல. ஃபோன் பண்ணிக் கேக்கவும் பயமா இருக்கு" என்றார்.

ஞாயிறு இரவு மகனே கூப்பிட்டான். திங்கள் காலை மாநில அரசின் தடை மனுவை ஷெல்பி விசாரிக்கப் போகிறார். அதற்குள் முடித்துவிட வேண்டும். மாப்பிள்ளைப் பையனின் குடும்பம் ஐடஹோவில் இருக்கிறது. பனியில் வரமுடியாது. யூட்டா சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும்.

அம்மா என் கதவைத் தட்டியபோது மணி காலை ஐந்து. சர்ச்சுக்குப் போகும் பாவாடையும் கோட்டும் போட்டிருந்தார். "ரோடெல்லாம் ஐஸ். என் கை நடுங்குது. நீ வண்டி எடுக்கிறியா?" ஐயா வெளியே கராஜ் முன்னால் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் கார் வெளியே வர வசதியாக, எங்களைப் பார்க்காமல், கடைசிவரை அள்ளித் தள்ளினார். அவர் வரவில்லை. ஆனால் வழியை அவர்தான் சுத்தம் செய்துகொடுத்தார்.

ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் கவுண்ட்டி அலுவலகத்தில் அந்த நேரத்துக்கே வரிசை நீண்டு கிடந்தது. இருபது, முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து தலை நரைத்தவர்கள்தான் அதிகம் கண்ணில் பட்டார்கள். யாரோ டோனட் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டே போனார்கள். முன்னும் பின்னும் எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடை வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று. பிறகு ஒரு மூலையிலிருந்து கைதட்டல் எழுந்து பரவியது. ஷெல்பி தடை மறுத்துவிட்டார்.

உரிமம் வாங்கி, வராந்தாவிலேயே ஒரு பெண் பாதிரியார் நடத்திவைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். "என் ரெண்டாவது மருமகளோட அப்பா அம்மா கத்தோலிக்கர்கள். கோவிலுக்குள்ள விடமாட்டாங்க. அவங்க பொண்ணு கல்யாணத்தப்ப வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாங்க. நான் உள்ள இருந்தேன். இங்க பாரு, யாரையும் வெளிய நிறுத்தல."

அது உண்மை. மார்மன் கோவில் திருமணத்துக்குள் தகுதிச் சீட்டு வாங்கிய உறுப்பினர்கள் மட்டுமே போகமுடியும். வேறு மதத்துப் பெற்றோர் வெளியேதான். முதலில் எல்லாரும் பார்க்க ஒரு பொதுத் திருமணம் செய்தால், கோவில் பிணைப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2019 வரை இருந்தது.

முதல் சாட்சி அம்மா. இரண்டாவது சாட்சி நான். மாணவர் விசாவில் இருக்கிறவன். இந்த ஊரில் ஓட்டில்லை, பேச்சில்லை. முந்தின இரவு என் வகுப்புத் தோழன், "உனக்கு எதுக்குடா வம்பு, நாளைக்கு ஸ்டே வந்தா அந்தப் பேப்பர்ல உன் பேர் இருக்கும்" என்று சொல்லியிருந்தான். பேர் எழுதினேன்.

*

அந்த வாரம் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு ஃபோன் செய்தபோது அப்பாயியிடம் இதைச் சொன்னேன்.

"ஆம்பளைக்கும் ஆம்பளைக்குமா? இது என்னடா கூத்து?"

"இங்க சட்டம் வந்திருக்கு அப்பாயி."

"தாலி யாரு கட்டுனா?"

"தாலியெல்லாம் இல்ல. மோதிரம்தான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"போட்டியா? சரி. போட்டா போட்டதுதான். நாளைப்பின்ன எவனாச்சும் கேட்டா, ஆமா, நான் பாத்தேன்னு சொல்லணும். மாத்திப் பேசப்படாது, ஆமா."

அப்பாயி ஏன் அப்படிச் சொன்னார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தாத்தாவுக்கும் 1954ல் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. மைக் செட், மாலை, இரண்டு மணி நேரப் பேச்சு, வாழ்க்கை ஒப்பந்தம் என்று தலைப்பிட்ட ஒரு தாள், அதில் இரண்டு சாட்சிகள். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. ஆனால் அதற்கு முந்தின வருடமே, 1953ல், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லியிருந்தது. சடங்கில்லாமல் மாலை மாற்றிக்கொள்வது இந்துத் திருமணம் ஆகாது. மேடையில் பேசியவர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். பதினெட்டு வயது அப்பாயிக்குத் தெரியாது.

தெரியவந்தது 1964ல், தாத்தா இறந்தபிறகு. இரண்டு ஏக்கர் நஞ்சைக்காகத் தாத்தாவின் அண்ணன் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். கல்யாணமே செல்லாது, ஆகவே அவள் பெண்டாட்டி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை என்றார். பத்து வருடம் அவள் கையால் சாப்பிட்டவர். இரண்டு சாட்சிகளில் ஒருவர் கோர்ட்டுக்கு வந்தார். இன்னொருவர், அன்று நான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார். என் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் சொன்ன வார்த்தையை வீட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டிருக்கிறார்.

1967ல் அண்ணா முதலமைச்சரானார். இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டிக்கொண்டாலோ அது திருமணம். இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பே நடந்தவையும் செல்லும் என்றது சட்டம். தாத்தாவின் அண்ணன் வழக்கை விட்டுவிட்டார். செத்துப்போய் மூன்று வருடமான தாத்தாவுக்கு அப்பாயி சட்டப்படி மனைவியானார்.

சால்ட் லேக்கில் ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கு இங்கிருந்துதான் ஒரு பதில் கிடைத்தது. எங்கள் ஊரில் நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் கொடுத்தது. இங்கே மக்கள் வாக்கு மறுத்ததை நீதிமன்றம் கொடுத்தது. எந்த வாசல் சரியான வாசல் என்பது முக்கியமான கேள்விதான். அதை ஜனநாயகத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வாசலுக்கு வெளியே ஏற்கெனவே கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, நிலத்தை உழுதுகொண்டு நிற்கிறவர்கள் அந்தக் கேள்வி தீரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

*

2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டே கொடுத்தது. பதினேழு நாள். அதற்குள் 1,300க்கும் மேற்பட்ட ஜோடிகள் கல்யாணம் செய்திருந்தார்கள். ஜனவரி 8 அன்று ஆளுநர் அலுவலகம், அந்தத் திருமணங்களை அங்கீகரிப்பதை நிறுத்திவைக்கும்படி மாநிலத் துறைகளுக்குச் சொன்னது. ஜனவரி 10 அன்று மத்திய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், மத்திய அரசு அவற்றை அங்கீகரிக்கும் என்றார். ஒரே ஜோடி, ஒரே நாளில், வருமான வரிக்குத் தம்பதி. மாநில அலுவலகத்தில் இரண்டு தனி ஆட்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நிலை பழக்கமானது. டேட்டாபேஸில் ஒரு பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது ரோல்பேக் செய்யலாம். நடக்காதது போல ஆகிவிடும். ஆனால் கமிட் ஆகிவிட்டால், பிறகு அதை மாற்ற இன்னொரு பரிவர்த்தனைதான் வேண்டும். நடந்தது நடந்ததுதான். மாநிலம், கமிட் ஆன ஒன்றை ரோல்பேக் செய்யப் பார்த்தது. 2014 மேயில் டேல் கிம்பல் என்ற இன்னொரு கூட்டாட்சி நீதிபதி கிட்டத்தட்ட இதையே சட்ட மொழியில் சொன்னார். திருமணம் நடந்த அந்த நொடியில் உரிமை வந்துவிட்டது. பிறகு வந்த தடை பின்னோக்கிப் போய் அதைப் பறிக்க முடியாது. போட்டா போட்டதுதான் என்று அப்பாயி சொன்னதும் இதுதான்.

ஜூன் 25 அன்று டென்வரில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று ஷெல்பியின் தீர்ப்பை உறுதிசெய்தது. அக்டோபர் 6 அன்று யூட்டா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் மேல்முறையீட்டை எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அத்தோடு இங்கே விஷயம் முடிந்தது. நாடு முழுவதற்குமான ஓபர்கஃபெல் தீர்ப்பு அடுத்த ஆண்டு ஜூன் 26 அன்றுதான் வந்தது. மிகப் பழமைவாத மாநிலம் என்று பெயரெடுத்த யூட்டா, அதற்கு எட்டு மாதம் முன்பே அந்தப் பக்கம் போயிருந்தது.

மகனும் மருமகனும் காத்திருந்தது ஒரு தத்தெடுப்புக்காக. சட்டபூர்வத் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது என்பது யூட்டா சட்டம். கல்யாணம் கிடையாது என்பார்கள். பிறகு, கல்யாணம் ஆகாதவனுக்குக் குழந்தை கிடையாது என்பார்கள். அக்டோபருக்குப் பிறகு அந்தச் சுற்று உடைந்தது. அவர்களை அறிந்தவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்பட்டன. அதில் ஒன்று நான் எழுதியது. நான் பாத்தேன் என்று எழுதினேன். 2015 தொடக்கத்தில் பிறந்து பத்து நாளான ஒரு பெண்குழந்தை அந்த வீட்டுக்கு வந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் யூட்டா சட்டமன்றம், வேலையிலும் வாடகை வீட்டிலும் பால்சார்பு காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தை நிறைவேற்றியது. மத நிறுவனங்களுக்கு விலக்குகள் உண்டு. மார்மன் திருச்சபை வெளிப்படையாக அதை ஆதரித்தது. எல்லாம் இனி மெல்லச் சரியாகிவிடும் என்றுதான் அம்மா நினைத்தார். குழந்தைக்குப் பெயர்சூட்டி ஆசீர்வதிக்கும் சடங்குக்கு வெள்ளை கவுன் ஒன்றைத் தைக்கத் தொடங்கினார். சடங்கைச் செய்ய ஐயா ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வராதவர், பேத்தியைக் கையில் ஏந்தி சபை நடுவில் நிற்கச் சம்மதித்தார். டிசம்பரில் ஒரு ஞாயிறு குறித்தார்கள்.

நவம்பரில் திருச்சபை புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. தன்பாலினத் திருமணம் செய்தவர்கள் மதம் துறந்தவர்களாகக் கருதப்படுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பெயர்சூட்டும் ஆசீர்வாதம் கிடையாது. பதினெட்டு வயதுவரை ஞானஸ்நானமும் கிடையாது.

நான் அப்போது வேலை கிடைத்து லீஹை பக்கம் குடிபோயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். கவுன் முடிந்து, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, பேஸ்மென்ட்டில் கோதுமை டப்பாக்களுக்கு மேலே இருந்தது. ஐயா என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அன்றுதான். "எழுபது வருஷமா அவங்க சொன்னதைக் கேட்டிருக்கேன். சொன்னது புரியலைன்னாலும் கேட்டிருக்கேன். இப்பவும் கேப்பேன். ஆனா அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு?" பழமைவாதி என்றால் இரக்கமில்லாதவர் என்று நினைப்பவர்கள் அவர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். கீழ்ப்படிதல்தான் அவருக்கு அறம். அந்த அறத்துக்கு என்ன விலை என்று முதன்முறையாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் உறுப்பினர் பதவியிலிருந்து விலகக் கடிதம் எழுதினான். 2019 ஏப்ரலில் திருச்சபை அந்த விதியைத் திரும்பப் பெற்றது. குழந்தைக்கு நான்கு வயது. கவுன் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அம்மா கேட்டுப் பார்த்தார். "வேண்டாம்மா" என்றான் மகன். கோபமாகச் சொல்லவில்லை என்றார் அம்மா. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

சட்டம் ஒரு நாளில் மாறிவிடும், மனிதர்கள் மாற நாளாகும் என்று சொல்வது வழக்கம். நான் பார்த்தது அப்படியில்லை. அம்மா ஒரு காலையில் மாறினார். சட்டம் பத்து மாதம் முன்னும் பின்னும் போனது. நிறுவனம் கொடுத்து, பிடுங்கி, மறுபடி கொடுத்தது. 2022 ஜூலையில், திருமண மரியாதைச் சட்டத்துக்கு பிரதிநிதிகள் சபையில் யூட்டாவின் நான்கு உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களித்தார்கள். நால்வரும் குடியரசுக் கட்சி. நவம்பரில் மார்மன் திருச்சபையும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது; மதச் சுதந்திரப் பாதுகாப்புகள் அதில் உண்டு என்பது காரணம். தன் கோட்பாடு மாறவில்லை என்றும் சொன்னது. செனட்டில் யூட்டாவின் மிட் ராம்னி ஆதரவு, மைக் லீ எதிர்ப்பு. ஒரே மாநிலம், இரண்டு குரல். 2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு 1953 ஞாபகம் வந்தது. கூடவே 1967ம்.

*

கடைசியாக ஒன்று. மார்மன்களுக்கு வம்சாவளி சேகரிப்பது மதக் கடமை. திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் உலகம் முழுக்க உள்ளவர்கள் தங்கள் குடும்ப மரத்தைப் பதிகிறார்கள். ஐயா ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் அதில் உட்காருவார். பல காலம் அந்த மரத்தில் ஒரு தம்பதி என்றால் ஓர் ஆண், ஒரு பெண். வேறு மாதிரிப் பதிய வழியே கிடையாது. இதை நான் தொழில்முறையில் புரிந்துகொள்வேன். பழைய டேட்டா மாடலின் அடியில் ஓர் அனுமானம் உட்கார்ந்துவிட்டால் அதை மாற்றுவது சாதாரண வேலை இல்லை. அதை நம்பி மேலே எத்தனையோ நிரல்கள் நிற்கும். 2019 டிசம்பரில் அதை மாற்றினார்கள். தன்பாலினத் தம்பதிகளையும் மரத்தில் சேர்க்கலாம் என்று வந்தது.

2020 ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடப் போயிருந்தேன். மகன் குடும்பமும் வந்திருந்தது. அந்தப் பெண்குழந்தை பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐயா என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் மகனுடைய பெயர் இருந்தது. பக்கத்துக் கட்டம் காலி.

"நீ கம்ப்யூட்டர் ஆளுதானே. இதுல எப்படிச் சேக்கிறதுன்னு காட்டு."

காட்டினேன். ஒற்றை விரலால் மருமகனின் முழுப்பெயரைத் தட்டினார். எழுத்து சரியா என்று என்னைக் கேட்டார். உயிரோடு இருப்பவர்களின் விவரம் அப்போது அந்தத் தளத்தில் பதிந்தவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அடுத்த கட்டத்தில் திருமணத் தேதி கேட்டது.

"நான் போகலையே. தேதி எனக்கு நிச்சயமா தெரியல" என்றார் திரையைப் பார்த்தபடியே. "நீ இருந்தேல்ல?"

"ஆமா, இருந்தேன். 2013 டிசம்பர் 23. சால்ட் லேக் கவுண்ட்டி."

தட்டி முடித்து, ஒருமுறை சரிபார்த்து, சேமித்தார்.